சம்படத்து மண்

பேச்சித்தாயின் இடது கண் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது என்று முதலில் சொன்னது அடுத்த வீட்டு முத்துத்தாய். அவள் சொல்கிற எதையும் பிள்ளையின் அம்மா முருகம்மாள் காதில் போட்டுக்கொள்வதில்லை. நன்றாக விளையாடுகிற பிள்ளையைப் பார்த்து "என்னட்டி, மெலிஞ்சு போச்சே" என்று சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு முதல் ஆளாக வந்து நிற்பாள். அப்படிப்பட்ட வாய். "மாறுகண்ணு அதிர்ஷ்டம்லா" என்று சமாதானமும் அவளே சொல்லிவிட்டுப் போனாள்.

ஆனால் அன்று சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திரும்பியபோது முருகம்மாளே பார்த்துவிட்டாள். விளக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையின் வலது கண் எப்போதும்போல் கருப்பாக இருந்தது. இடது கண்ணின் பாப்பாவுக்குள் ஏதோ வெள்ளையாக மினுங்கியது.

பிள்ளைக்கு ஐந்து வயது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, எல்லாச் சாமியையும் வேண்டிப் பெற்ற ஒற்றைப் பிள்ளை. போன வருஷம் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னால் அதற்குக் கால் முழுக்கச் சிரங்கு வந்தது. கந்தக மருந்து போட்டார்கள், வேப்பிலை அரைத்துப் போட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் முருகம்மாள் கோமதியம்மன் சன்னதியில் போய் நின்று, "தாயே, இது ஆறட்டும். வெள்ளிதோறும் நானே நடந்து வந்து புற்றுமண் எடுத்துட்டுப் போறேன்" என்று வேண்டிக்கொண்டாள். அந்த மண்ணைத் தண்ணீரில் குழைத்துக் காலில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டாள். சிரங்கு ஆறிவிட்டது. மண்ணால் ஆறியதா, அதற்குள் மருந்துதான் வேலை செய்ததா என்கிற பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து சாமி படத்துக்குக் கீழே ஒரு பித்தளைச் சம்படத்தில் புற்றுமண் இருக்கும். காலையில் குளித்ததும் பிள்ளை வந்து நின்று, இரண்டு கண்ணையும் இறுக மூடி வாயைத் திறக்கும். முருகம்மாள் "கோமதித் தாயே" என்று சொல்லி இரண்டு விரலால் மண்ணை எடுத்து நாக்கில் வைப்பாள். அவள் புருஷன் சண்முகையாவும் தாலுகா ஆபீஸுக்குக் கிளம்புமுன் சம்படத்தைத் திறந்து நெற்றியில் இட்டுக்கொண்டுதான் செருப்பு மாட்டுவான்.

ஐப்பசி அடைமழையில் முருகம்மாள் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிக்கொண்டது. இரண்டு வெள்ளி போக முடியவில்லை. சம்படம் காலி. புருஷனிடம் சொல்லியிருந்தால் ஆபீஸ் விட்டு வரும்போது வாங்கி வந்திருப்பான். ஆனால் வேண்டுதல் அவளுடையது. நடந்து வருவதாகச் சொன்னது அவள் வாய். "அம்மன்கிட்ட சொன்ன சொல்லைக் காப்பாத்தத் தெரியலியே" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் அது ஒரு மாசத்துக்கு வீட்டில் நிற்கும்.

வீட்டுப் புறவாசலில் முருங்கை மரத்தடியில் ஒரு புற்று இருந்தது. வெள்ளிக்கிழமை அதற்கும் பால் விடுவாள், மஞ்சள் தடவுவாள். அதுவும் புற்றுதானே என்று தோன்றியது. நொண்டிக்கொண்டு போய்ச் சுரண்டி எடுத்து, புருஷனின் பழைய வேட்டித் துணியில் சலித்து, பொடி மண்ணை மட்டும் சம்படத்தில் நிரப்பினாள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். காலையில் சண்முகையா ஒரு வித்தியாசமும் தெரியாமல் நெற்றியில் இட்டுக்கொண்டு போனான்.

முதல் தடவைதான் மனசு உறுத்தியது. அடுத்த தடவை அவ்வளவு உறுத்தல் இல்லை. கால் சரியான பிறகும், ஏதாவது வேலை வந்துவிட்ட வெள்ளிகளில் புறவாசல் புற்றே போதுமென்று இருந்துவிட்டாள்.

அந்தப் புற்றின் அடியில், மண் குளுமையாக இருக்கிறதென்று, அவர்கள் வீட்டு நாய் செவலை குழி பறித்து நாலு குட்டி போட்டிருந்தது. குட்டிகள் அங்கேயே புரண்டன, அங்கேயே அசிங்கம் பண்ணின. முருகம்மாள் விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் மண் எடுப்பாள். சுத்தக்காரி என்று தெருவில் பேரெடுத்தவள் அவள்.

கண்ணில் வெள்ளை தெரிந்த மறுநாளே கொண்டுபோய்க் காட்டினார்கள். சங்கரன்கோவில் டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே ஞானபூரணம் என்கிற வயசான கண் டாக்டரம்மா, மருந்து ஊற்றி, இருட்டறையில் பிள்ளையை மடக்கிப் பிடிக்கச் சொல்லி, நெடுநேரம் பார்த்தார். பிறகு பிள்ளையைத் தாதியோடு வெளியே அனுப்பிவிட்டு இவர்களை உட்காரச் சொன்னார்.

"ஒளிக்காமச் சொல்லிருதேன். உள்ள வெள்ளையா ஒண்ணு வளந்திருக்கு. அது கட்டியா இருந்தா கண்ணையே எடுத்திரணும். விட்டா மூளைக்கு ஏறி உயிருக்கே ஆபத்து."

சண்முகையா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். "கட்டி இல்லேன்னா, டாக்டரம்மா?"

"நாய்க்குட்டி வயித்துல ஒரு பூச்சி உண்டு. நாக்குப்பூச்சி மாதிரி. அதோட முட்டை குட்டியோட மலத்துல விழுந்து மண்ணுல கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்த மண்ணு பிள்ளை வாய்க்குள்ள போனா, குஞ்சு ரத்தத்துல ஓடிப்போய் எங்கயாவது தங்கிரும். சில பிள்ளைக்குக் கண்ணுல தங்கிரும். அப்படின்னா கண்ணை எடுக்க வேண்டாம். ஆனா பாக்கதுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு." டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்ல நாய் உண்டா?"

"உண்டு. குட்டி போட்டிருக்கு" என்றான் சண்முகையா.

"பிள்ளை மண்ணு திங்குமா?"

"எம் பிள்ளையா?" சண்முகையாவுக்கு அந்த நிலைமையிலும் ரோசம் வந்தது. "கீழ விழுந்ததை எடுத்து வாயில போடாது. கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணு ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். அதையும் இவ வெள்ளிக்கு வெள்ளி நடந்துபோய் எடுத்துட்டு வருதா."

"கோயில்ல குடுக்கதுல நாய்க்குட்டி ஏது? அதை விடுங்க." டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். "குட்டியோட விளையாடுத பிள்ளைக எத்தனையோ இருக்கு, அதுகளுக்கெல்லாமா பூச்சி கண்ணுல ஏறுது? மண்ணு திங்காத பிள்ளைன்னா நான் கட்டின்னுதான் நெனைக்கணும். நாள் கடத்தக் கூடாது. சேத்திருங்க. நாளைக்கே எடுத்திருவோம்."

கூட்டித் தள்ளிய அசிங்கமும், சலித்த துணியும், ஆசையாகத் திறந்த அந்தச் சின்ன வாயும் ஒன்றன்பின் ஒன்றாக முருகம்மாளின் கண் முன்னால் வந்தன. சொன்னால், இந்த மனிதன் தினமும் நெற்றியில் இட்டுக்கொண்டு போனது நாய் படுத்த மண் என்று தெரிந்துபோகும். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றியவள் என்று ஆகும். அதைவிட, பிள்ளையின் கண்ணில் தன் கையாலேயே மண்ணைப் போட்டவள் என்று ஆகும். சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கட்டி வந்தது, எடுத்தார்கள், விதி என்று ஊரும் அழுதுவிட்டுப் போய்விடும். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவள் அதையும் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகப் பின்னால் எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

தாதி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். சண்முகையா பேனாவைத் திறந்தான். கதவுக்கு வெளியே பேச்சித்தாய், "அம்மா, இங்கன பாரு, மீனு!" என்று கண்ணாடித் தொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் முருகம்மாள்.

"ஏட்டி, என்ன?"

"அது கோயில் மண்ணு இல்லே."

அவன் புரியாமல் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் மேசைமேல் இருந்த கண்ணாடிக் குப்பியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஐப்பசியில கால் சுளுக்கினப்போ எடுத்தேன். நம்ம முருங்கையடிப் புற்றுல. செவலை குட்டி போட்ட எடத்துல. அப்புறமும் எடுத்தேன். நாந்தான் குடுத்தேன், டாக்டரம்மா. தெனமும் நாந்தான் எங் கையால குடுத்தேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். "நல்லவேளை சொன்னீங்க" என்று எழுந்துபோய்த் தாதியைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார், எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். சண்முகையா பேனாவை மூடினான். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டு மூன்று தடவை திருகினான். பிறகு எழுந்து வெளியே போய்விட்டான்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. பூச்சிக்கு உண்டான அணுக்கள் ரத்தத்தில் ஏகத்துக்குக் கூடியிருந்தன. கட்டிக்கு உண்டான அடையாளம் எக்ஸ்ரேயில் இல்லை. கண்ணை எடுக்க வேண்டாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்தார். மாசாமாசம் கொண்டுவந்து காட்டச் சொன்னார். நாயை அடித்து விரட்ட வேண்டாம், மாட்டாஸ்பத்திரியில் பூச்சிக்கு மருந்து கொடுத்தால் போதும் என்றும் சொன்னார். போகும்போது முருகம்மாளை மட்டும் நிறுத்தி, "கண்ணு நிக்கும். பார்வை திரும்பும்னு நம்பாதீங்க" என்றார்.

திரும்பி வருகிற கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக பஸ்ஸில் சண்முகையா முன் சீட்டில் தனியாக உட்கார்ந்துகொண்டான். பிள்ளை முருகம்மாளின் மடியில். அது புதிதாக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லிப் பார்த்தார்கள் இல்லையா, அந்த விளையாட்டு. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்போ அம்மா இருக்கா" என்றது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, "இப்போ அம்மா இல்லே" என்றது. சொல்லிவிட்டுச் சிரித்தது. முன் சீட்டில் சண்முகையாவின் தோள் குலுங்கியதை முருகம்மாள் பார்த்தாள். பிள்ளையின் தலைமேல் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் சண்முகையா சம்படத்தை எடுத்துக்கொண்டு போய் மண்ணை முருங்கையடியில் கொட்டிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தான். மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் குட்டிகளைக் கூடையில் வைத்தான். செவலை வாலை ஆட்டிக்கொண்டு அவன் காலைச் சுற்றியது. சங்கிலியைப் பூட்டிவிட்டு, வாசல்வரை போனவன் திரும்பி வந்து, மாத்திரை ஒன்றைப் பிரித்து முருகம்மாளிடம் நீட்டினான். நேற்றிலிருந்து அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நீயே குடு. ஓங் கையில வாங்கித்தான் அவளுக்குப் பழக்கம்."

குத்திக்காட்டுகிறானா, ஆறுதல் சொல்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்ப்பதற்குள் அவன் கூடையைத் தூக்கிக்கொண்டு செவலையையும் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

பேச்சித்தாய் குளித்துவிட்டு ஈரத் தலையோடு சாமி படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். தெரிகிற கண்ணையும் தெரியாத கண்ணையும் சேர்த்து இறுக மூடினாள். வாயைத் திறந்தாள்.

முருகம்மாள் மாத்திரையை இரண்டு விரலால் எடுத்தாள்.

"சொல்லும்மா" என்றது பிள்ளை. "கோமதித் தாயேன்னு சொல்லு."

பிள்ளை கண்ணைத் திறக்காமல், வாயைத் திறந்தபடியே நின்றுகொண்டிருந்தது.