இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச்

"இந்த வாரத்துல மூணாவது தடவை அண்ணே. மாமியார் வீட்டுக்குக்கூட நான் இத்தனை தடவை போனதில்ல."

சொல்லிக்கொண்டே மெக்கானிக் தகரக் கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தான். வாசலை அடைக்கிற உடம்பு. உள்ளே, மைதானத்தில் புல் வெட்டும் வண்டி மூலையில் நின்றது. அதை ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பதில் சொன்னது அவருடைய மனைவி. அதே மைதானத்தில் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறைகளைக் கழுவுகிற வேலை அவளுக்கு. கை ஈரம் காயாமல் ஓடி வந்திருந்தாள்.

"திங்கக்கிழமை பெல்ட்டுன்னே, மாத்தினே. புதன்கிழமை ஒயருன்னே, அதையும் மாத்தினே. இன்னிக்கு எதைச் சொல்லப் போறே?"

"இருங்கக்கா, இன்னும் குனியவே இல்ல, அதுக்குள்ள குட்டுறீங்க."

வண்டியின் கோளாறு இதுதான். எஞ்சின் கிளம்பும், ஓடும். கத்தியைச் சுற்றவிட மஞ்சள் குமிழை மேலே இழுத்தால் மட்டும் மொத்தமாக அணைந்துவிடும். மெக்கானிக் ஏறி இழுத்தால் கத்தி சமர்த்தாகச் சுற்றும். அவன் தலை மறைந்தால் பழைய குருடி கதவைத் திறடி. இதனால் பாதி மைதானம் வெட்டியும் பாதி வெட்டாமலும், சவரத்துக்கு நடுவில் எழுந்து வந்தவன் முகம் மாதிரிக் கிடந்தது. காலையில் மேற்பார்வையாளர் வந்து பார்த்தார். "மெக்கானிக்குக்கு ஓடுது, உங்களுக்கு ஓடலையா? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம். சாயங்காலத்துக்குள்ள முடியலேன்னா வண்டியை விட்டு இறங்கிடுங்க. குப்பை அள்ளுற பக்கம் போங்க, வேற ஆளை உட்கார வெச்சுக்கறேன்" என்றார். பத்தொன்பது வருடம் அந்த இருக்கையில் உட்கார்ந்த மனிதரிடம்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்தான். பெல்ட்டை இழுத்துப் பார்த்தான், ஒயரை அசைத்துப் பார்த்தான். எழுந்து, முழங்கையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்து குமிழை இழுத்தான். கத்தி உறுமிக்கொண்டு சுற்றியது.

"நல்லாத்தானே இருக்கு!"

"உன்னைக் கண்டா அதுக்குப் பயம். என்னைக் கண்டா இளப்பம்" என்றார் ஓட்டுகிறவர். சுவரைப் பிடித்து எழுந்து, வண்டியில் ஏறி, குமிழை இழுத்தார். அணைந்தது. மறுபடி கிளப்பி இழுத்தார். மறுபடி அணைந்தது.

"இறங்குங்க, நான் பாக்கறேன்" என்றாள் மனைவி. சனிக்கிழமைதோறும் வண்டியைக் குழாயடிக்கு ஓட்டிப்போய்க் கழுவுகிறவள் அவள்தான். ஏறி இழுத்தாள். கத்தி சுற்றியது.

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். "நான் உட்கார்ந்தா சுத்துது. அக்கா உட்கார்ந்தா சுத்துது..." பாதியில் நிறுத்திக்கொண்டான். அவளை இறங்கச் சொல்லி இருக்கையைத் தூக்கினான். அடியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச். "ஓட்டுறவங்க தவறி விழுந்தா எஞ்சின் அணைஞ்சு கத்தி நின்னுடணும்னு இதை வெச்சிருக்காங்க. ஆள் உட்கார்ந்த கனத்துல அமுங்கணும்." விரலால் அழுத்தி விட்டான். உள்ளே போய் வெளியே வந்தது. "சுவிட்சும் நல்லாத்தான் இருக்கு." அவன் தலை நிமிரவில்லை. "அண்ணே, இப்ப எத்தனை கிலோ இருப்பீங்க?"

"நான் என்ன சந்தைக்குப் போற மூட்டையா, நிறுத்துப் பாக்க?"

மனைவி அவர் இடுப்பைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் இரண்டு தடவை அவருடைய கால்சட்டை இடுப்பை அவள் பிடித்துத் தைத்திருந்தாள். துணி தொய்ந்துபோச்சு என்றார், தைத்தாள். தட்டில் பாதி மிச்சம் வைத்து, வெயில் என்றார். சரி, வெயில் என்றாள். நாளெல்லாம் குனிந்து கழுவிவிட்டு வீட்டுக்குப் போகிறவளுக்கு, சொன்னதை நம்பிவிட்டுப் படுப்பதுதான் சுலபமாக இருந்தது.

"அந்த ரெண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிடுப்பா. சுவிட்சே வேண்டாம். ரெண்டு நிமிஷ வேலை" என்றார் அவர்.

மெக்கானிக் அவளைப் பார்த்தான். "முறுக்கலாம். அப்புறம் அண்ணன் விழுந்தாலும் கத்தி நிக்காது."

"நான் எதுக்குடா விழப்போறேன்?"

"நேத்து குளிக்கப் போன இடத்துல சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களே, எதுக்கு?" என்றாள்.

அவர் மைதானத்தைப் பார்த்தார். "இதை விட்டு இறங்கினா குப்பை அள்ளணும். இந்த வயசுல."

"நான் இத்தனை வருஷமா ஊரான் அழுக்கைக் கழுவலையா? எந்தக் கிரீடம் கீழ விழுந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு மாசமா எதைத் தின்னாலும் உள்ள நிக்கல. சொன்னா நீ பயப்படுவேன்னு..."

"சொல்லாம இருந்தா மட்டும் நிக்குதா?" மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "சீட்டை மாட்டு. ஒயரைத் தொடாதே. இவரை உன் பைக்குல பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடு. நாலு மணி வரைக்கும் ஓ.பி. சீட்டு குடுப்பாங்க. நான் இதை முடிச்சுட்டு வந்துடறேன்."

"மேற்பார்வையாளர் கேட்டா?" என்றார் கணவர்.

"புல்லுக்குத் தெரியுமா யார் வெட்டினாங்கன்னு? கேட்டா, நாளைக்கும் நான்தான் வெட்டுவேன்னு சொல்லிக்கறேன்."

அவர் கொஞ்ச நேரம் வண்டியின் மேல் கை வைத்து நின்றார். "திருப்புறப்ப குமிழை அமுக்கிடு. விளக்குக் கம்பத்துக்கிட்ட மெதுவாப் போ. அங்க மேடு."

"சரி, தெரியும். போங்க."

பைக்கில் மெக்கானிக்கின் அகல முதுகுக்குப் பின்னால் அவர் இருப்பதே தெரியவில்லை. அவன் தோளைப் பற்றிய கை மட்டும் தெரிந்தது. வாசல் தாண்டும்வரை பார்த்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள். குமிழை இழுத்தாள். கம்பம் வரை போய்த் திரும்பியபோது மணி மூன்று. பாதி மைதானம் அப்படியே இருந்தது.