மா இல்லாத பீட்சா

தராசை விட்டு இறங்கிய தனுஜா செருப்பைத் தேடிக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். மிட்வைப் மிஸ் கிளினிக் அட்டையில் எழுதிய எடையை மறுபடியும் பார்த்துவிட்டு அவள் கணவன் ரஜீவின் பக்கம் திரும்பினார்.

"போன தடவயவிடக் கொறஞ்சிருக்கு. வயித்துல புள்ள வளருது, தாய் எளைக்கிறாங்க. வீட்டுல சாப்பிடுறாங்களா இல்லியா?"

விடிந்ததும் பண்டாரவளை பஸ்ஸுக்கு ஓடுகிறவன் ரஜீவ். வேலை முடிந்து தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து கேட்டால், சாப்பிட்டுவிட்டேன் என்பாள். நம்பிவிடுவான்.

"சீனி கூடிரும்னு சொன்னீங்களே மிஸ்" என்றாள் தனுஜா, தரையைப் பார்த்தபடி.

"மாச் சாப்பாட்டக் கொறைக்கச் சொன்னோம். சாப்பாட்டையே நிப்பாட்டச் சொல்லலியே! முட்டை, மீன், மரக்கறி, பருப்பு, அளவா சோறு. எல்லாம் சாப்பிடணும். இப்பிடியே போனா பதுளை ஆஸ்பத்திரி வார்ட்லதான் நிக்க வேண்டி வரும்."

வார்ட் என்றதும் அவள் முகம் செத்துப்போனதை ரஜீவ் பார்த்தான். முதல் பிள்ளைக்கு அந்த வார்டுக்குத்தான் போனாள். அடைமழையில் மண் சரிந்து தோட்டத்துப் பாதை மூடிக் கிடந்த மாதம் அது. கிளினிக் போக முடியவில்லை. உடம்பில் சீனி ஏறியிருந்தது யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது வயிற்றுக்குள் அசைவு நின்றிருந்தது. பெண் பிள்ளை. தலை நிறைய முடி இருந்தது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் அதன்பிறகு பேசியதே இல்லை.

தெமோதரைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவன் குனிந்து, "என்னதான் சாப்பிடணும்போல இருக்கு, சொல்லு. எங்கயாச்சும் தேடிக் கொண்டாறேன்" என்றான். இரண்டு வளைவுகள் கடந்த பிறகு, ஏதோ வேடிக்கை ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள்: "நீங்க போடுற பீட்சா எப்பிடி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க."

உண்மைதான். பண்டாரவளையில், முதலாளி ஸப்வான் நானாவின் கடையில் அவன் பீட்சா போடத் தொடங்கி மூன்று வருடமாகிறது. ஒருமுறை இரண்டு துண்டு கட்டிக்கொண்டு வந்தான். பஸ்ஸில் நசுங்கி, லயத்துக்கு வந்து சேரும்போது தோல்போல ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பிய்த்துத் தின்றன. தனுஜாவுக்குத் தெரிந்தது அவன் சட்டையில் ஒட்டி வரும் வாசம் மட்டும்தான். இப்போது ஆசைப்பட்டுக் கேட்கிறாள். இப்போது பார்த்து அவளுக்கு மா ஆகாது.

மறுநாள் மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்த நேரம் ரஜீவ் ஒரு கோலிபிளவரைத் துருவி, அவித்து, முட்டையும் சீஸும் போட்டுப் பிசைந்து தட்டில் பரப்பினான். மாவில்லாமல் இப்படிச் செய்வதை போனில் பார்த்திருந்தான். அடுப்பிலிருந்து எடுத்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு துண்டைத் தூக்கினான். பாதி தட்டிலேயே நின்றுவிட்டது.

எட்டிப் பார்த்த ஸப்வான் சிரித்துவிட்டார். "கஞ்சியா காச்சின நீங்க? மாவில்லாத பீட்சா என்னத்த பீட்சா?"

யாருக்கு, எதற்கு என்று ரஜீவ் சொன்னதும் அவர் சிரிப்பு அடங்கியது. கல்லாவுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் ஒரு சின்னப் பையை அவனிடம் நீட்டினார். "உம்மாட சீனி பாக்குற மிசின். அவங்களுக்குத் தம்பி புதுசொண்டு வாங்கி அனுப்பி ஈக்கி. சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தால விரல்ல குத்திப் பாக்கோணும். சீஸும் இதுக்குள்ள ஈக்கி, கொண்டு போங்க."

செவ்வாய்க்கிழமை ரஜீவுக்கு லீவு. காலையில் குசினிக்குள் அவன் நுழைந்தபோது அம்மா ரெங்கம்மா கோதுமை ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்து பறிக்கப் போய்வந்த காலம் முழுக்க அந்த ரொட்டிக் கல்லில்தான் வீட்டுக்கே சாப்பாடு நடந்தது. கொஞ்ச நாளாகவே அவள் முகம் சரியில்லை. மருமகள் தட்டைத் தள்ளி வைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

"நானும் நாலு பெத்தவதான். ரொட்டியும் சம்பலுந்தான் தின்னேன். எனக்கு எந்தச் சீனி வந்துச்சு? என் கையால சுட்டது அவளுக்கு வெசமாப் போச்சு" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

ரஜீவ் கோலிபிளவரைத் துருவி அவித்தான். அம்மா இறக்கிய கல்லைத் துடைத்துவிட்டுப் பரப்பினான். கடை அடுப்பின் சூடு மேலிருந்தும் இறங்கும். இங்கே அடிச் சூடு மட்டும்தான். ஒரு பக்கம் கருகியது, மறுபக்கம் ஈரமாகவே கிடந்தது. திருப்பிப் போட்டான், நான்காய்ப் பிய்ந்தது. கருகல் வாசம் குசினி முழுக்க நிறைந்தது. அகப்பையைத் தூக்கி மூலையில் எறிந்தான்.

"விடுங்க" என்றாள் தனுஜா, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு. "நல்லா வந்தாலும் நான் தின்னிருக்க மாட்டேன்."

"ஏன்?"

"அன்னிக்குப் பசிக்குது பசிக்குதுன்னு எல்லாத்தயும் தின்னேன். தின்னு தின்னுதானே புள்ளயக் கொன்னேன்."

ரெங்கம்மா கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "என்னடி பேசுற? ரொட்டியா புள்ளயக் கொல்லும்?" அதட்டலாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

"உங்க ரொட்டியச் சொல்லல மாமி. எதப் பாத்தாலும் அப்பிடித்தான் இருக்கு. வாய்கிட்ட கொண்டுபோனா கை நடுங்குது. ராவெல்லாம் பசிக்குது, ஆனா பயமா இருக்கு."

ரெங்கம்மா எழுந்துபோய் மருமகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ரஜீவ் எரிந்துகொண்டிருந்த விறகையே பார்த்தான். மனைவி இத்தனை நாள் தனியாகச் சுமந்ததை ஒரு அகப்பை எறிந்துதான் அவன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசாமலிருப்பதுதான் அவளுக்குச் செய்யும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"தனு, இங்க பாரு. நீ தின்னதால போகல. சீனி இருக்குன்னு நமக்குத் தெரியல, அதுனால போச்சு. இப்பத் தெரியும். மிசின் இருக்கு. கொஞ்சமாத் தின்னு, குத்திப் பாப்போம். கூடுச்சுன்னா நாளைக்கு அது வேணாம், வேற பாப்போம். கூடலன்னா அத நீ பயப்படாமத் தின்னலாம். நாம இப்பக் கண்ணக் கட்டிக்கிட்டு நடக்கல, புள்ள."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மிச்சமிருந்த கோலிபிளவரைப் பார்த்து, "தண்ணிய நல்லாப் புழிஞ்சீங்களா?" என்றாள்.

"புழிஞ்சேனே."

"குடுங்க பாப்போம்."

அவித்து ஆறியதை ஒரு துணியில் கட்டி, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு முறுக்கினாள். அவன் பிழிந்தபோது வந்ததைவிட இரண்டு மடங்கு தண்ணீர் வழிந்தது. முட்டையும் சீஸும் மிளகுத் தூளும் போட்டு அவன் பிசைந்தான். இந்தமுறை உருண்டு வந்தது. மெல்லியதாகப் பரப்பி, தகர மூடியால் மூடி, மூடியின் மேல் தேங்காய்ச் சிரட்டை நெருப்பை அள்ளிப் போட்டான். அடி வெந்து இறுகியதும் தக்காளிக் குழம்பு பூசி, கறிமிளகாயும் கோழியும் சீஸும் தூவி மறுபடி மூடினான். மூடியைத் தூக்கியபோது சீஸ் பொன்னிறத்தில் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

முதல் வாயை எடுக்க அவளுக்கு நேரமெடுத்தது. மென்றாள். இன்னொரு வாய் கடித்தாள். தட்டில் வைத்த இரண்டு துண்டும் முடிந்த பிறகுதான் தலை நிமிர்ந்தாள். "உங்க சட்ட வாசந்தான்" என்றாள். ரஜீவுக்கு வெளியே போய் நிற்க வேண்டும்போல் இருந்தது. போய் நின்றான்.

அந்த இரண்டு மணி நேரம் நகரவே இல்லை. ரெங்கம்மா வாசலைக் கூட்டினாள். கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டினாள். நேரம் வந்ததும் தனுஜா கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாள். ரஜீவ் குத்தினான். ஒரு துளி ரத்தம். மிசினில் எண் விழுந்தது. மிட்வைப் மிஸ் சொல்லியிருந்த அளவுக்குக் கீழேதான் இருந்தது.

"கூடல" என்றான்.

"இன்னொருக்காக் குத்திப் பாரு" என்றாள் ரெங்கம்மா, மிசினை நம்பாமல்.

"அம்மா, அவ விரல் பாவம்."

யாரும் சிரிக்கவில்லை. இது ஒரு வேளைச் சாப்பாடு. நாளை காலை இருக்கிறது, இன்னும் எத்தனையோ வேளைகள் இருக்கின்றன. தனுஜா குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு, "மாமி, மிச்சம் இருக்கா?" என்று கேட்டாள்.

ரெங்கம்மா அடுப்பை ஊதிவிட்டு, மிஞ்சியிருந்த துண்டைக் கல்லில் போட்டுச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். தனுஜா கடித்து இழுத்தாள். சீஸ் அறுபடாமல் நூல்போல நீண்டது. எப்படி அறுப்பதென்று தெரியாமல் அவள் கையை உயர்த்த உயர்த்த அதுவும் நீண்டுகொண்டே போனது. கதவு வழியே வந்த வெயிலில் முகத்தை அண்ணாந்து, வாய் நிறையச் சிரிப்போடு, அதைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.