வெட்டிப்போட்ட தண்டுகள்

மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து தையல்காரம்மா வீடு திரும்பியபோது, ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு பார்த்துக்கொள்ள வந்தவள் நாத்தனார்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். தூசு துரும்பு கண்ணில் படக்கூடாது. சமையல், துணி, அண்ணியின் குளியல் என்று எல்லாவற்றையும் இழுத்துப்போட்டுச் செய்தாள். மூன்றாம் நாள் பால்கனியையும் ஒரு கை பார்த்துவிட்டாள்.

ஆர்க்கிட் தொட்டியில் இலையுதிர்ந்து நின்ற பழைய தண்டுகளையெல்லாம் ஒட்ட வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டிருந்தாள். மெல்ல நடந்துவந்து பார்த்த தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"செத்தது எது, உசிரோட இருக்கறது எதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? புதுத் தண்டுக்குச் சாப்பாடே அதுலேருந்துதான் போகுது."

நாத்தனார் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள். சொல்லி முடித்ததும் தையல்காரம்மாவுக்கே மனசு உறுத்தியது. அன்று காலை தன் தலையை அலசிவிட்ட கை அது.

மாலையில் நாத்தனார் செடிக்கடைக்குப் போய் விசாரித்து, பாசியும் வாங்கிக்கொண்டு வந்தாள். கூடையிலிருந்து தண்டுகளைப் பொறுக்கிக் கழுவி, கணு பார்த்து விரல்நீளத்தில் பதினொரு துண்டுகளாக நறுக்கினாள். வெட்டிய இடத்தில் அழுகாமலிருக்கச் சமையல் பட்டைத்தூள் தடவி, கேக் டப்பாவில் ஈரப்பாசியின் மேல் படுக்கவைத்து மூடினாள்.

"கணு உசிரோட இருந்தா குட்டி போடுமாம் அண்ணி. பாசி காயக்கூடாது, சொதசொதன்னும் இருக்கக்கூடாது."

"பதினோரு பிரசவமா? நீயே பார்த்து முடிச்சுட்டுப் போ."

"அதுக்கெல்லாம் லீவு குடுக்க மாட்டாங்க."

அவள் கிளம்பும்வரை ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு துண்டுகள் அழுகியதுதான் மிச்சம். நடைப்பயிற்சி என்றாலே மூக்கால் அழுகிற தையல்காரம்மா, தினமும் காலையில் ஜன்னல்வரை நடந்துபோய் மூடியைத் திறந்து பார்த்தாள். ஏழாவது வாரம் ஒரு கணுவில் பச்சையாக ஒரு முளை. பத்து நாளில் நான்காயிற்று. உடனே போனை எடுத்தாள்.

"நாலு குட்டி. ஒண்ணு வேரே விட்டிருக்கு."

"நிஜமாவா அண்ணி? நான் கொன்னுட்டேன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"அன்னிக்கு வெடுக்குனு பேசிட்டேன். நீ எனக்குச் செஞ்சதை என் கூடப்பொறந்தவகூடச் செஞ்சிருக்க மாட்டா. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆச்சு பாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எனக்கு ஒண்ணு உண்டா?"

"ரெண்டா எடுத்துக்கோ. வந்து நட்டுக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

வேர்கள் ஓரங்குலம் நீண்டதும் ஒரு சனிக்கிழமை வந்தாள். சாப்பாட்டு மேசையில் காகிதம் விரித்து இருவருமாக நான்கையும் நட்டார்கள். காப்பி போட எழுந்தவளைத் தையல்காரம்மா தோளைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கத் தானே நடந்தாள்.