நாற்பத்தொன்றாம் பக்கம்

தோள்வரை கையைப் பசுவுக்குள் விட்டுக் கன்றின் காலைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதரிடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை அது. ரோண்டாவுக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. காலையில் வந்த நர்ஸ், மூச்சு மாறிவிட்டது, இன்றைய பொழுது தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அதை அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். நர்ஸின் கார் சத்தம் ஓய்ந்ததும் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டு, உங்கப்பாவிடம் ஒன்று கேட்டு வா என்றாள். பதில் எதுவானாலும் பரவாயில்லை, அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்றாள்.

"அப்பா, அம்மா எழுதினதுல ஒண்ணையாவது நீங்க படிச்சிருக்கீங்களா?"

ஹால்வர் கண்ணை மூடியிருந்தார். உள்ளே கை தேடும்போது கண்ணை மூடிக்கொள்வது அவர் வழக்கம்.

"வாலைப் பிடி," என்றார்.

ரோண்டா வாலைப் பிடித்தாள். இதுதான் பதில் என்றால் இதை எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று அவளுக்குக் கோபம் வந்தது. நாற்பத்தொரு வயதில், பில்லிங்ஸ் நகரத்திலிருந்து நான்கு மணி நேரம் பனியில் வண்டி ஓட்டி வந்து, மாட்டு வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அம்மா மார்லிஸ் ஒஹாயோக்காரி. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்த வந்தவள். மான்டானாவில் ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கலாம் என்று வந்து ஹால்வரைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். பிறகு எழுத ஆரம்பித்து, வேறொரு பெயரில் முப்பத்தொரு காதல் நாவல்கள் எழுதினாள். எல்லாவற்றிலும் கதாநாயகன் மாட்டுப்பண்ணைக்காரன். மனைவியை இழந்திருப்பான், அல்லது பெண்களே வேண்டாம் என்று இருப்பான். நகரத்திலிருந்து ஒரு பெண் வருவாள். பனிப்புயல் அடிக்கும். அட்டைப் படத்தில் அவன் சட்டைப் பித்தான்கள் தொப்புள்வரை திறந்திருக்கும். இந்த ஊரில் அப்படி நின்றால் கதை முடிவதற்குள் நிமோனியா வந்துவிடும். கடைசி அத்தியாயத்தில் அவன் மனதில் இருப்பதையெல்லாம் மூன்று பக்கத்துக்கு அவளிடம் சொல்வான். நாற்பத்துமூன்று வருஷக் குடித்தனத்தில் ஹால்வர் மொத்தமாக மூன்று பக்கம் பேசியிருந்தால் அதிகம். வீட்டில் கிடைக்காததை அம்மா எழுதித் தீர்த்துக்கொள்கிறாள் என்று ரோண்டா சிறுவயதிலேயே முடிவு கட்டியிருந்தாள்.

முதல் புத்தகத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் பஸ் ஏறிப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் கதாநாயகன் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணையை விட்டுப் பறக்கிறான். கேட்டைத் திறக்கிறான், போகிறான். சாத்தவில்லை. இந்த ஊரில் ஒருவனுடைய மதத்தைக் குறை சொல்லலாம், அவன் போடும் ஓட்டைக் குறை சொல்லலாம், மனைவியின் சமையலைக்கூடக் குறை சொல்லலாம். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவனை மட்டும் யாரும் மன்னிக்கமாட்டார்கள். கடைசியாகப் போகிறவன் இறங்கிச் சாத்த வேண்டும், அவ்வளவுதான். தீவனக் கடையில் மார்லிஸைப் பார்க்கும்போதெல்லாம், உன் ஆளோட மாடெல்லாம் கனடா எல்லையைத் தாண்டிடுச்சாமே, போன் வந்ததா என்று கேட்பார்கள். முப்பது வருஷமாக அதே கேலி. அவளும் சிரிப்பாள். பக்கத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும் ஹால்வர் அவளுக்காகவும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார், கேலி செய்கிறவர்களோடு சேரவும் மாட்டார். கேலியைவிட அதுதான் அம்மாவுக்கு வலித்தது.

கன்று வெளியே வந்து வைக்கோலில் விழுந்தது. ஹால்வர் அதன் மூக்கைத் துடைத்து, அதில் ஒரு துரும்பை விட்டுத் தும்மவைத்தார்.

"அயோடின் எடு. மேல் அலமாரி."

ரோண்டா கோபத்தில் சரியாகக் காதில் வாங்கவில்லை. கீழ் அலமாரியைத் திறந்தாள். ஊசிகளும் சீம்பால் பொடி டப்பாக்களும் இருந்தன. டப்பாக்களுக்குப் பின்னால் புத்தகங்கள். அட்டைப் படத்துத் திறந்த சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, எல்லாமே இருந்தன என்று பார்த்தவுடனேயே தெரிந்தது.

அவள் கையில் வந்த ஒன்றைப் பிரித்தாள். ஓரங்களில் அயோடின் மஞ்சள். கட்டைப் பென்சிலால் வரிகளுக்குப் பக்கத்தில் அப்பாவின் எழுத்து. 'சேணத்தை இடது பக்கமிருந்து கட்டுவார்கள்.' 'மழை பெய்த மறுநாள் புல் வெட்டமாட்டார்கள்.' 'இந்தக் குதிரைக்குப் போன அத்தியாயத்தில் வேறு நிறம்.' முத்தமிடும் பக்கங்களில் ஒன்றும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில், கன்று ஈன்றதைச் சட்டைப்பை நோட்டில் குறித்துவைக்கும் அதே பாணியில், தேதி போட்டு ஒரு வரி: 'உயிரோடு. தானாக எழுந்தது.' இன்னொரு புத்தகத்தில்: 'கஷ்டமான ஈற்று. பிழைத்தது.' அம்மா இடுப்பெலும்பு முறிந்து கிடந்த வருஷம் எழுதிய புத்தகம் அது.

அவள் திரும்பிப் பார்த்தபோது ஹால்வர் கன்றைத் தாயின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேல் அலமாரின்னேன்," என்றார்.

ரோண்டா அயோடினை அவர் கையில் கொடுத்துவிட்டு, நான்கு புத்தகங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

கட்டிலை முன்னறையில், தெற்கு ஜன்னல் பக்கம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கன்று ஈனும் மாடுகள் நிற்கும் புல்வெளியும், அதன் நடுவே போகும் மண்பாதையும், பாதை முடிவில் இரும்புக் குழாய் கேட்டும், அதற்கப்பால் தார் ரோடும் தெரியும். மார்லிஸ் புத்தகங்களைப் பார்த்தாள். ரோண்டா பென்சில் குறிப்புகளைப் படித்துக் காட்டினாள். சேணம், புல், குதிரை. அம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்டி," என்றாள் மார்லிஸ். "பதிப்பகத்துல பத்துப் பிரதி அனுப்புவாங்க. ஒரு வாரத்துல ஒன்பதாயிடும். அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது, சம்பந்தமே இல்லாம, மழைக்கு மறுநாள் யாரும் புல் வெட்டமாட்டாங்கன்னு சொல்லுவார். வெட்டினது என் கதையில."

"தெரிஞ்சுமா என்னைக் கேக்கச் சொன்னே?"

"அவர் சொல்லணும்." மூச்சுக்கு நிறுத்தினாள். "ஒரு தடவை. படிச்சேன்னு."

ரோண்டா மறுபடி கொட்டகைக்குப் போனாள். ஹால்வர் வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அடுத்த தொழுவில் தலையீற்றுக் கிடாரி ஒன்று வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. மதியத்துக்குள் ஈன்றுவிடும்.

"படிச்சேன்னு போய்ச் சொல்லுங்க."

"அவளுக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சதைச் சொன்னா என்ன? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

ஹால்வர் நகக்கண்ணைத் தேய்த்தார். அங்கே ரத்தம் எதுவும் மிச்சமில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார். எழுபத்தோரு வயது மனிதர் பயப்படுகிறார் என்பது ரோண்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நாள் இதைத் திமிர் என்று நினைத்திருந்தாள்.

"இந்தக் கிடாரியை யார் பாக்கறது?" என்றார்.

"நான் பாக்கறேன். மறந்துடல."

அவர் தொப்பியைக் கழற்றித் தட்டிவிட்டு நடந்தார். ரோண்டாவும் அறை வாசல்வரை கூடவே போனாள். பாதியில் திரும்பிவிடுவாரோ என்ற சந்தேகம் அவளுக்கு.

கட்டில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்து, சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டை நோட்டை எடுத்தார். கன்று ஈனும் பருவத்தில் தினமும் காலைக் காப்பியோடு அதிலிருந்து, பசுவின் காது வில்லை எண்ணோடு, அவளுக்குப் படித்துச் சொல்வார். வசந்தகாலம் முழுவதற்கும் அவர்களுக்குள் அதுதான் பேச்சு.

"இருநூத்திப் பதினாலு. கிடாரிக்கன்னு. தானா எழுந்துச்சு," என்று படித்தார். "எண்பத்தேழு. காளைக்கன்னு. கால் மடங்கியிருந்துச்சு, திருப்பினேன். நல்லாருக்கு."

மார்லிஸ் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். நோட்டில் அந்த நாளுக்கு அவ்வளவுதான் இருந்தது. ஹால்வர் பக்கத்தைத் திருப்பினார். வெற்றுப் பக்கம். அதையே பார்த்தபடி, அதே குரலில், "முதல் புஸ்தகம். நாப்பத்தொண்ணாம் பக்கம்," என்றார். "அவன் கேட்டைச் சாத்திட்டுப் போயிருக்கணும், மார்லிஸ்."

ரோண்டா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ பஸ் ஏறிட்டிருந்தாளே," என்றாள் மார்லிஸ்.

"இருக்கட்டும். இறங்கிச் சாத்த ஒரு நிமிஷம்."

"ஒரு நிமிஷம் நின்னா அவனுக்கு மனசு மாறிடும். நின்னு யோசிக்கிற ஆள் அவன்."

ஹால்வர் அதைக் கொஞ்சநேரம் யோசித்தார். முப்பது வருஷமாக அவருக்குத் தோன்றாத விஷயம் அது என்று முகத்தில் தெரிந்தது.

"நூத்தியிருபது மாடு ரோட்டுக்குப் போயிருக்கும்."

"போகட்டும்," என்றாள் மார்லிஸ். அவள் உதட்டோரம் சிரிப்பு இருந்தது. ஹால்வர் நோட்டை மூடிப் போர்வைக்கு மேலே அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். ரோண்டா சத்தமில்லாமல் கொட்டகைக்குத் திரும்பினாள்.

இருபது வருஷ இடைவெளிக்குப் பிறகு அன்றுதான் தனியாக ஒரு பிரசவம் பார்த்தாள். பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை. கிடாரி படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. கன்றின் மூக்கு தெரிந்ததும் ரோண்டா அழ ஆரம்பித்தாள், அது முழுவதும் வெளியே வரும்வரை அழுதாள். கிடாரி என்ன செய்வதென்று தெரியாமல் கன்றை முகர்ந்து பார்த்து, பிறகு நக்கத் தொடங்கியது.

அவள் வீட்டுக்குள் வந்தபோது ஹால்வர் அதே நாற்காலியில், அதே பாதத்தைப் பிடித்தபடி இருந்தார்.

"போயிட்டா. ரெண்டு பத்துக்கு," என்றார்.

ரோண்டா அம்மாவின் நெற்றியில் கை வைத்தாள். சூடு இன்னும் இருந்தது. வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "காளைக்கன்னு. தானா எழுந்துச்சு," என்றாள். அவர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார். அதற்கு முந்தின வரியில் 2.10 என்று மட்டும் இருந்ததை அவள் பார்த்தாள். எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலை அழுத்தி வைத்த புள்ளி இருந்தது, எழுத்து இல்லை.

மூன்றே முக்காலுக்கு நகரத்திலிருந்து இறுதிச் சடங்குக்காரரின் வேன் வந்தது. வந்த இளைஞன் கையெழுத்துகள் வாங்கி, மார்லிஸை வேனில் ஏற்றினான். கூட வருகிறீர்களா என்று கேட்டதற்கு ஹால்வர் இல்லையென்று தலையை ஆட்டினார். இன்னும் இரண்டு கிடாரி நிற்கிறது, விட்டுவிட்டு வரமுடியாது, காலையில் வருகிறேன் என்றார். அந்தப் பையனுக்கு அது புரிந்தது. அவனும் இந்தப் பக்கத்து ஆள்தான். வேன் மண்பாதையில் மெல்லப் போனது. கேட்டுக்கு அப்பால் நிறுத்தி, அவன் இறங்கி வந்து, புதுக் காலணியால் சேற்றை மிதித்து, கேட்டை இழுத்துச் சாத்திச் சங்கிலியையும் மாட்டினான். பிறகு வேன் நகரத்துப் பக்கம் திரும்பியது.

ஹால்வர் தாழ்வாரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ரோடு மேட்டில் ஏறும் இடம்வரை வேன் தெரிந்தது. அது மறைவதற்குள் அவர் படி இறங்கினார். தீவனம் போடப் போகிறார் என்று ரோண்டா நினைத்தாள். பிக்கப் கிளம்பியது. ஆனால் கொட்டகைப் பக்கம் திரும்பவில்லை.

கேட்டில் நின்றது. அவர் இறங்கிச் சங்கிலியைக் கழற்றினார், கேட்டைத் தள்ளினார், வண்டியில் ஏறினார். வண்டி வெளியே போய்த் தார் ரோட்டில் ஏறியது. பின்விளக்கு எரியும், நிற்பார், இறங்குவார் என்று ரோண்டா காத்திருந்தாள். விளக்கு எரியவில்லை. வயதான அந்த வண்டியில் அவ்வளவு வேகம் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அது மேட்டில் ஏறி மறைந்தது.

கேட் முழுசாகத் திறந்து கிடந்தது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த சிவப்புப் பசு தலையைத் தூக்கிப் பார்த்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு நடந்தது. அதன் கன்று பின்னால் போனது, பிறகு இன்னொரு பசு, இன்னும் இரண்டு.

ரோண்டா பூட்ஸை மாட்டிக்கொண்டாள். அவசரப்படவில்லை.