உறைபனி விழட்டும்

எங்கள் ஃபுதோக் கிராமத்தில் அக்டோபர் கடைசியில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "முட்டைக்கோஸ் வெடிச்சிருச்சா?" என்றுதான் கேட்பார்கள். நான் விதைக்கடை வைத்திருப்பவன். விற்பவரும் வாங்குபவரும் என் கடை வாசலில் நின்றுதான் ஒருவரையொருவர் அளப்பார்கள். இரண்டு பக்கமும் என் வாடிக்கை என்பதால் இரண்டு பேரையும் நம்பிவிடுவேன். அதில் எனக்குச் செலவு எதுவும் இல்லை.

அந்த வருடம் மிலுதின் வாதுமை மரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். கோஸ் வயல் மொத்தமும் அவன் மனைவி ராதோய்காவின் தலையில் விழுந்தது. நிலம் குத்தகை. பயிர் முழுத் தலையாக விற்றால் அடுத்த வருடமும் நிலம் அவர்களிடம் இருக்கும். வெடித்துப்போனால் குத்தகை கட்ட வழியில்லை. அதே நிலத்தின் மேல் மொத்த வியாபாரி கோஸ்தாவுக்கும் ஒரு கண் இருந்தது.

கோஸ்தாவுக்குக் கோஸ் எப்படி இருந்தாலும் லாபம். முழுத் தலைகளை நோவி சாத் நகரத்து வீடுகளுக்கு, பீப்பாயில் புளிக்கப் போட, நல்ல விலைக்கு விற்பார். வெடித்ததை அடிமாட்டு விலைக்கு வாங்கித் தன் கொட்டகையிலேயே சீவி விற்பார். இரண்டாவதில்தான் லாபம் கூடுதல்.

ஒருநாள் கடை வாசலில் ராதோய்கா அவரைப் பிடித்துவிட்டாள்.

"அண்ணே, மேல் வரிசையெல்லாம் கல்லு மாதிரி இறுகிடுச்சு. இந்த வாரமே எடுத்துக்கங்க."

"என்ன அவசரம் தங்கச்சி? உறைபனி ஒண்ணு விழட்டும். அப்பத்தான் கோஸ் இனிக்கும்."

"மழை வருதுன்னு ரேடியோல சொல்றான்."

"ரேடியோக்காரனா உன் கோஸை வாங்கப் போறான்?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. பனி பட்ட கோஸ் இனிக்கத்தான் செய்யும். பொய் சொல்லி வாங்குகிறவன் இந்தத் தொழிலுக்குப் புதுசு. தேர்ந்தவன் உண்மையையே தனக்குத் தோதான நாளில் எடுத்துவிடுவான். காய்ந்து கிடந்த மண்ணில் மழை விழுந்தால் வேர் மடமடவென்று குடிக்கும். உள்ளே வீங்கும், வெளி இலை தாங்காது, தலை பிளந்துவிடும். இது கோஸ்தாவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும், வேறு யார் வாங்குவார்கள் என்று ஊரே வீட்டுக்குப் போய்க் காத்திருந்தது.

ராதோய்கா வயலுக்குப் போனாள். இறுகிய தலை ஒவ்வொன்றையும் இரு கைகளாலும் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோல் கால்வட்டம் திருகினாள். ஒரு பக்க வேர் படக்கென்று அறும். மிச்ச வேர் உயிரை மட்டும் பிடித்துவைத்திருக்கும், மழையை வாரிக் குடிக்காது. ஊருக்குத் தெரியாத வித்தை ஒன்றுமில்லை. வயல் முழுக்கக் குனிய வேண்டும், அதுதான் சங்கடம்.

மிலுதின் மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டி, ஜன்னலில் பைனாகுலரோடு உட்கார்ந்து, போனில் மேற்பார்வை செய்தான்.

"ஏய், மூணாவது வரிசையில ஒண்ணை விட்டுட்டே."

"அது இன்னும் இறுகல. உங்க மூளை மாதிரி தொளதொளன்னு இருக்கு. மழை குடிச்சு வளரட்டும்."

"நல்லாத் திருகு. என் கழுத்தை நினைச்சுக்கிட்டே திருகு, வேலை சீக்கிரம் முடியும்."

"அப்படித்தான் திருகிட்டிருக்கேன்."

மழை வந்தது, விடாமல் பெய்தது. ஓய்ந்தபோது ஊர் வயல்களில் கோஸெல்லாம் வாய் பிளந்து நின்றது. கோஸ்தாவின் சீவல் இயந்திரம் ஓயாமல் இரைந்தது. நடுவில் ஒருநாள் அவர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ராதோய்காவின் வயலுக்கு வந்தார். கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"என்ன தங்கச்சி, எல்லாம் குடிகாரன் மாதிரி சாஞ்சு நிக்குது?"

"குடிக்க விடலேண்ணே. அந்தக் கோபம்."

கோஸ்தாவுக்கு உடனே புரிந்தது. சிரித்தார்.

"கெட்டிக்காரிதான். ஆனா வேரறுந்தது எத்தனை நாளைக்கு நிக்கும்? நாலு நாள் வெயில் அடிச்சா வாடிடும். சீவல் விலைக்குக் குடு, இன்னிக்கே வண்டி அனுப்புறேன்."

"வெடிச்சாத்தானே சீவல் விலை?"

"வாடினாலும் அதே விலைதான். யோசிச்சுச் சொல்லு."

அதுவும் உண்மைதான். மழைக்குப் பின்னால் காலம் தப்பிய வெயில் ஒன்று அடித்தது. மேல் இலைகள் தொங்க ஆரம்பித்தன. வெட்டி அடுக்கி வைக்க ராதோய்காவுக்குக் கொட்டகை கிடையாது. கோஸ்தா காலைதோறும் என் கடையில் உட்கார்ந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல வானத்தைப் பார்த்தார். ராதோய்காவும் வந்தாள். தேவையே இல்லாத சணல் கயிற்றை விலை கேட்டபடி அவளும் அதே வானத்தைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் காபி கொடுத்தேன். என் காபிக்கு மட்டும் யாரும் விலை கேட்கவில்லை.

பிறகு காற்று திரும்பியது. விடிந்தபோது வயலெல்லாம் வெள்ளை. குளிர் இறங்கியதும் வாடல் நின்றது, தொங்கிய இலை விறைத்துக்கொண்டது. நகரத்தில், டிசம்பரில் வரும் புனித நிக்கோலா திருநாளுக்குள் பீப்பாய் புளித்தாக வேண்டும். பிளந்த கோஸில், இறைச்சியும் அரிசியும் வைத்துச் சர்மா சுருட்ட, முழு இலை உரித்தெடுக்க முடியாது. ஃபுதோக்கில் அப்போது முழுத் தலை நின்றது ஒரே வயலில்தான்.

கோஸ்தா லாரியோடு வந்தார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். ராதோய்கா ஒரு தலையை வெட்டி, நடுத்தண்டைச் சீவி, அவரிடம் நீட்டினாள்.

"இனிக்குதாண்ணே?"

கோஸ்தா மென்றார். "இனிக்குது."

"நீங்கதானே சொன்னீங்க, உறைபனி விழட்டும்னு. உங்க பேச்சைத் தட்டாமக் காத்திருந்தேன். காத்திருந்ததுக்கும் சேர்த்து விலை சொல்லட்டுமா?"

சொன்னாள். முழுத் தலை விலைக்கும் மேலே. கோஸ்தா மெல்வதை நிறுத்திக் காலி லாரியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ஏப்ரன் பையிலிருந்த போன் அலறியது: "குறைக்காதே! முகத்தைப் பைனாகுலர்ல பாத்துட்டேன், குடுத்துடுவான்!"

கோஸ்தா ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பணத்தை எடுத்தார்.

"கீழ் வரிசை?" என்றார், லாரி நிறைந்ததும்.

"அது இன்னும் இறுகலேண்ணே. அவசரப்படாதீங்க."

ராதோய்கா அன்றைக்கே நில உரிமையாளர் வீட்டுக்குப் போய் அடுத்த வருடக் குத்தகையைக் கட்டிவிட்டு வந்தாள். கோஸ்தா என் கடையில் வந்து உட்கார்ந்து காபி கேட்டார்.

"மிலுதினுக்குக் கால் எப்பய்யா சரியாகும்?"

"ஏன், பார்க்கப் போறீங்களா?"

"போகணும். அவன் சீக்கிரம் எந்திரிச்சு வயலுக்கு வரட்டும். அவன்கிட்டே பேரம் பேசிட்டு நான் நிம்மதியாத் தூங்குவேன்."