மூலைக்கு மூலை

பயிற்சிப் பள்ளியில் அவருக்குப் பின்ன மேடம் என்று பெயர். வருங்கால டீச்சர்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவர். மேலே ஒன்று, கீழே நான்கு என்று ஒப்பிக்க அந்தப் பெண்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். அதனால்தான் காகிதத்தை மடிக்க வைத்தார். மடித்தால் புரியும், புரிந்தால் பிள்ளைகளுக்கும் புரியவைப்பார்கள் என்று மனுஷி மலைபோல் நம்பினார்.

'முதல் பெஞ்சு' என்று அவர் செல்லமாகக் கூப்பிடும் மாணவி அன்று நான்காம் வகுப்பில் முதன்முதலாகப் பாடம் எடுத்தாள். மேடம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவளோடு படித்தவர்கள் எல்லாரும் போன வாரமே பாடம் எடுக்கப் போய், வெறுமனே ஒப்பித்து அவர் காலை வாரிவிட்டார்கள். இவள் ஒருத்தி தேறினால் போதும், இத்தனை வருஷப் பாடு தண்டமில்லை.

பிள்ளைகள் சதுரக் காகிதத்தை நான்காக மடித்தார்கள். மேடத்தின் பக்கத்திலிருந்த சிறுமி மட்டும் மூலைக்கு மூலை இரண்டு தடவை மடித்தாள். பிரித்ததும் நான்கு முக்கோணம். திரும்ப மடித்து ஒன்றை ஒன்றின்மேல் பொருத்திப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். மேடத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

முதல் பெஞ்சு வந்து பார்த்தாள். "இப்படி மடிக்கக் கூடாதும்மா. நேரா ஒண்ணு, குறுக்க ஒண்ணு. போர்டுல எழுதியிருக்கேன்ல?" சிவப்புப் பேனாவால் தப்புக்குறி போட்டாள்.

மேடம் அவளை ஜன்னலோரம் அழைத்தார். "அதுவும் கால்தானே. ஏன் தப்பு போட்டே?"

"நீங்க அன்னைக்கு நேராத்தானே மடிச்சீங்க மேடம்? அதை அப்படியே படிச்சுட்டு வந்தேன்."

"நாலும் சமமா இருக்கான்னு பார்த்தியா?"

அவள் பார்க்கவில்லை. நல்ல பெண், பாவம். மேடம் சொன்னால் மறுபேச்சு கிடையாது. விறுவிறுவென்று போய், 'விதி இரண்டு: மூலைக்கு மூலையும் மடிக்கலாம்' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடிட்டாள். வகுப்பே குனிந்து எழுதிக்கொண்டது. அடக் கடவுளே, மடிப்பதையும் மனப்பாடமாக்கிவிட்டார்களே! யாரை நோவது? மடித்துக் காட்டியது அவர் கைதானே.

அந்தச் சிறுமியிடமாவது கேட்போம் என்று திரும்பினார். அவள் அந்த மடிப்புகளை நகத்தால் தேய்த்துத் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தாள்.

"அழகா மடிச்சிருந்தியே கண்ணு. நாலும் சமம்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

சிறுமி காகிதத்தை மேசைக்கடியில் ஒளித்தாள்.

"தெரியாம பண்ணிட்டேன் டீச்சர். இனிமே பண்ண மாட்டேன்."