வட்டம் விழாத தட்டு

தட்டைக் கையில் எடுத்து அளக்கப் போனேன். கிருமி வளர்த்துப் பார்க்கும் தட்டு அது. முந்தின நாள் அதன்மேல் பன்னிரண்டு மருந்து வில்லைகளைப் பொட்டுப் பொட்டாக வைத்திருந்தேன். எந்த மருந்து கிருமியைக் கொல்கிறதோ அதைச் சுற்றித் துடைத்துவிட்டதுபோல ஒரு வட்டம் விழும். பதினாறு வருஷமாக இந்த ஆஸ்பத்திரி லேபில் வட்டங்களை அளந்து எழுதுவதுதான் என் பிழைப்பு. அன்றைக்கு அளக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு வில்லைகளின் விளிம்புவரைக்கும் சாம்பல் நிறக் கிருமிப் படலம் ஏறி நின்றது. தட்டின் அடியில், என் கையெழுத்திலேயே, என் வீட்டுக்காரரின் படுக்கை எண்.

அவர் கிருமியைக் கொல்லும் மாத்திரை செய்யும் கம்பெனியில் கழிவுநீர்த் தொட்டி பார்ப்பவர். ஐந்து நாளைக்கு முன்னால் முழங்காலுக்குக் கீழே ஒரு சிராய்ப்போடு வந்தார். “இதெல்லாம் ஒரு காயமா” என்று என்னைத்தான் கேலி செய்தார். இப்போது தொடைவரை வீங்கி, மாடி வார்டில் காய்ச்சலில் கிடக்கிறார்.

தட்டை மாற்றி எடுத்துவிட்டேனோ என்று எண்ணை மூன்று தடவை படித்தேன். பிறகு பெரிய டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணுக்குக்கூட அடங்கலையேம்மா. பழைய ஊசி ஒண்ணு இருக்கு, ஆனா கிட்னிய அடிக்கும். போட்டுப் பாப்போம். நாளைக்குள்ள இறங்கலைன்னா...” மீதியைச் சொல்லாமல் தன் தொடையின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். வாயால் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மாடிக்கு ஓடினேன். “எங்க அடிபட்டுச்சு? உண்மையச் சொல்லுங்க.”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். “சுத்தம் பண்ற தொட்டி ரிப்பேர். ரெண்டு வருஷமா தண்ணிய அப்படியே கால்வாய்லதான் விடச் சொல்றாங்க. அன்னைக்கு வால்வு திறக்கப் போனப்ப சறுக்கி தண்ணிக்குள்ள விழுந்துட்டேன்.”

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“மருந்துத் தண்ணிதானம்மா. கிருமி செத்துப்போகும், நல்லதுதானேன்னு...” சிரிக்கப் பார்த்தார். குளிரில் பல் தந்தியடித்தது.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தைக் குடித்துப் பழகி, இனி எதற்கும் சாகாமல் தேறிவிட்ட கிருமி அந்தத் தண்ணீரில் என்னென்ன இருக்குமோ. அவரிடம் அதைச் சொல்லவில்லை. போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

ஊசி ஏறத் தொடங்கியதும் நாத்தனாரைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீரையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு கால்வாய்க்குப் போனேன். பள்ளிக்கூடம் விட்ட நேரம். பைகளைக் கரையில் வீசிவிட்டு ஏழெட்டுப் பிள்ளைகள் பாலத்துக்கடியில் முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள்.

“ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க!”

தொண்டை கிழியக் கத்தினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒரு சின்னப் பெண் நான் விளையாட வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். கலகலவென்று சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி என் பக்கம் வீசினாள். வெயிலில் அது பளபளவென்று விரிந்து வந்தது.